கன அடி தெரியும், நம் தெருவில் எவ்வளவு ஆழம்?

2015 டிசம்பர் 1 உங்களுக்கு மறந்திருக்காது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்த தண்ணீர், அரசுக் கணக்குப்படியே, விநாடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. இந்த எண் முன்கூட்டியே உங்கள் கைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? காரை மேம்பாலத்தில் விடுவதா, தரைத்தள வீட்டுப் பெரியவரை மாடிக்கு ஏற்றுவதா, ஊரை விட்டே கிளம்புவதா? கன அடிக் கணக்கு ஆற்றுக்கு உரியது. தெருவில் முழங்கால் ஆழமா, கழுத்தளவா என்று சொல்ல, அந்தத் தெருவின் மேடு பள்ளமும் தெரிய வேண்டும்.

நிலத்தின் வடிவத்தையும் இந்த நிமிடத்து அளவையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதற்கு இப்போது ‘டிஜிட்டல் ட்வின்’ என்று பெயர். ஆனால் கணினி பரவும் முன்பே இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கிளின்டன் என்ற ஊருக்கு அருகே, 1943-ல் ராணுவப் பொறியாளர்கள் ஆற்றுப் படுகையையே கான்கிரீட்டில் வார்க்கத் தொடங்கினார்கள். ஆரம்ப வேலை செய்தவர்கள் ஜெர்மானியப் போர்க்கைதிகள். ஏறக்குறைய 200 ஏக்கர். கிடைமட்டத்தில் 2000-க்கு 1, உயரத்தில் 100-க்கு 1 என்ற அளவு. உயரத்தை இப்படிக் கூட்டிக் காட்டாவிட்டால் வெள்ளம் கண்ணுக்கே தெரியாது. ஆற்றின் ஒரு நாள் அங்கே சுமார் 5 நிமிடம்.

1952 ஏப்ரலில் மிசௌரி ஆறு பெருகியது. ஆற்றங்கரை அளவுகோல்களில் பதிவான நீர்மட்டம் வர வர, மாதிரியிலும் அதற்கேற்பத் தண்ணீர் விட்டு, இரவு பகலாக ஓட்டினார்கள். நிஜ வெள்ளம் போய்ச் சேருமுன் பொம்மை வெள்ளம் போய்ச் சேர்ந்தது. ஒமாஹா நகரில் எந்தக் கரையை எவ்வளவு உயர்த்துவது என்று முடிவெடுக்க அது உதவியது. அத்தனை கான்கிரீட்டைவிட, வந்துகொண்டே இருந்த அந்த அளவுகள்தான் மாதிரிக்கு உயிர் கொடுத்தன என்பது என் எண்ணம்.

பிறகு கான்கிரீட்டின் இடத்தைக் கணினி பிடித்தது. விமானத்திலிருந்து லேசர் கதிர்களை அனுப்பித் தரையின் உயரத்தை அளக்கும் ‘லைடார்’ முறை வந்தது. சிங்கப்பூர் முழு நாட்டுக்கும் முப்பரிமாண மாதிரி செய்தது. அங்குள்ள கால்வாய்களில் நீர்மட்ட சென்சார்களும் உண்டு.

நம் ஊருக்கு இது 2015-க்குப் பிறகுதான் வந்தது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையமும் ஐஐடி போன்ற நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய ‘சி-ஃப்ளோஸ்’ வெள்ள எச்சரிக்கை அமைப்பு 2019-ல் தயாரானது. மழை முன்னறிவிப்பு, ஆற்று நீரோட்டம், கடல் ஏற்றம், நில உயரம் எல்லாவற்றையும் சேர்த்து, எந்தப் பகுதியில் தண்ணீர் நிற்கும் என்று வரைபடத்தில் காட்டும். கடல் ஏற்றத்தைச் சேர்த்தது ரொம்ப முக்கியம். முகத்துவாரத்தில் கடல் உயர்ந்து நின்றால் அடையாறு வடிய மாட்டேன் என்கிறது.

நமக்குக் கவலை வேறு இடத்தில். மாதிரிக்குள் இருப்பது, அளந்த அன்றைய தரை. அதன்பின் நம் தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டால், சாலை ஏறிவிடும், வாசல் இறங்கிவிடும். கணினியில் உங்கள் வீடு பழைய உயரத்திலேயே பத்திரமாக நிற்கும். சுரண்டிவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். சாலை வேலை நடக்கும் இரவில் யாராவது நின்று பார்த்தால்தான் அது நடக்கிறதா என்று தெரியும்.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தார் லாரி வருவதற்கு முன்பும், வேலை முடிந்த பின்பும், உங்கள் வாசற்படியிலிருந்து சாலை மட்டம் எத்தனை அங்குலம் கீழே (அல்லது மேலே!) என்று டேப் வைத்து அளந்து, தேதி போட்டு, சங்க அலுவலகப் பதிவேட்டில் எழுதுங்கள். மழைநீர் வடிகால் மூடி எந்த வீட்டெதிரே இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.