எச்சரிக்கைப் பலகையும் தங்கவயல் தொழிலாளரும்

மோட்டார் வண்டி வாங்குவோருக்கு அதனுடன் ஒரு கைப்புத்தகமும் கிடைக்கிறது. அதைப் புரட்டும் நேயர்கள் சில வாசகங்களின் முன் திகைத்து நிற்பதுண்டு. கதவடைத்த கொட்டகையில் இயந்திரத்தை ஓடவிடாதீர் என்கிறது ஒரு பக்கம். சூடு தணியுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறவாதீர் என்கிறது மற்றொரு பக்கம். ஏன் என்று மட்டும் பெரும்பாலும் சொல்வதில்லை. வண்டியின் புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைத்த அறையில் அது ஆளைக் கொன்றுவிடும். அழுத்தத்தில் அடைபட்ட நீர் நூறு டிகிரியைக் கடந்தும் கொதியாமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே ஆவியாகிப் பீறிடும். காரணம் தெரிந்தபின் அவ்வாசகங்களில் புதிர் ஏதும் இல்லை.

இத்தகைய புதிர்களுக்கிடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்த தமிழ் மக்கள் கோலார் தங்கவயலில் உண்டு. அங்கே வாசகத்தின் காரணம் அறியாதவன் இழந்தது வண்டியை அன்று, உயிரை.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தொழிலை மேற்கொண்டனர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நிலமற்ற ஏழைக் குடும்பங்கள், அவற்றுள்ளும் பெரும்பாலும் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானவர்கள், திரள்திரளாக வந்து சேர்ந்தனர். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கடந்து மின்சாரம் அங்கு வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் நாளடைவில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. அவ்வாழத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். ஏர் பிடித்த கை துளைபொறி பிடித்தது. விதிகளை வகுத்தவர்களின் மொழியோ ஆங்கிலம்.

சுரங்கத் தொழிலின் பொது விதிகளுள் ஒன்றைப் பாருங்கள்: முன்பு வெடிவைத்த துளையின் அடிப்பகுதி எஞ்சியிருந்தால் அதில் மீண்டும் துளையிடலாகாது. புதிதாக வருபவனுக்கு இது வீண் கெடுபிடியாகத் தோன்றும். பாதி ஆழம் ஆயத்தமாக இருக்கும்போது, பக்கத்தில் வேறொன்று தொடங்குவானேன்? ஆனால் அத்துளையின் அடியில் வெடிக்காத மருந்து சிறிது தங்கியிருக்கக்கூடும். துளைபொறியின் ஓர் அடி போதும், அது வெடித்துவிடும்.

வெடி வைத்தபின் குறித்த நேரம் கழியாமல் உள்ளே செல்லாதே என்பது மற்றொரு விதி. தூசி அடங்கிவிட்டது, கண்ணுக்கு எல்லாம் தெளிவாக இருக்கிறது, இன்னும் ஏன் காத்திருக்க வேண்டும் என்று மனம் கேட்கும். மோட்டார்க் கொட்டகையில் கண்ட அதே மணமற்ற நஞ்சு வெடிமருந்துப் புகையிலும் உண்டு.

எல்லாவற்றிலும் விந்தையானது தூணைப் பற்றியது. வீட்டில் தூண் நட்டால் கூரை நிற்கும். இது குழந்தையும் அறிந்தது. ஆழச் சுரங்கத்திலோ, வெட்டாமல் எஞ்சிய சிறு பாறைத் துண்டைத் தூணாக விடுவதே ஆபத்து. சுற்றுப்புறம் தாங்கியிருந்த பாரமெல்லாம் அதன்மேல் வந்து குவிகிறது. தாங்குமட்டும் தாங்கிவிட்டு, அக்கடினப் பாறை கண்ணாடிபோல் நொறுங்கிச் சிதறுகிறது. இதனைப் பாறை வெடிப்பு என்பர். தொடக்க காலத்தில் இதற்குக் காற்று வெடிப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். வெடித்தவுடன் கிளம்பிய காற்றைத்தான் கண்டார்கள். காரணம் பாறையின் உள்ளே இருந்தது. பின்னாளில் மரத் தாங்கல்களுக்குப் பதிலாகக் கருங்கல் சுவர்களைச் சுரங்கத்தினுள் எழுப்பினர். நான் அறிந்தவரை, தங்கவயல் உலகுக்கு அளித்த பாடங்களில் பொன்னினும் பெரியது இதுவே.

ஆபத்துக்கு முன் பாறை சடசடவென்று முறியும் ஓசை எழுப்புவதுண்டு, எப்போதும் அன்று. அந்த ஓசையைச் செவிமடுத்து ஒதுங்குவது அனுபவத்தால் வருவது. எந்தப் பலகையும் அதைக் கற்பிக்கவில்லை. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், தன் சுருக்கத்தை ஆங்கிலத்தோடு விதிக்கப்பட்ட பிற மொழிகளிலும் சுரங்கத்தருகே ஒட்டிவைக்குமாறு பணித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் சுருக்கத்தில் கட்டளை இருக்குமேயன்றிக் காரணம் இராது. காரணத்தைத் தமிழில் சொன்னவர்கள் கூட வேலை செய்த மூத்த தொழிலாளர்களே.

காரணமற்ற கட்டளையைத் தொழிலாளர் எவ்வாறு ஏற்றனர் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1930-இல் தொழிலாளர் யாவரும் விரலடையாளம் பதிய வேண்டும் என்று நிர்வாகம் ஆணையிட்டது. துளையைப் பற்றிய விதிக்குப் பணிந்த அதே மக்கள் இதற்குப் பணியவில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். முன்னது தம் உயிரைக் காப்பது, பின்னது தம்மைக் குற்றவாளிகளாக எண்ணுவது என்ற வேறுபாட்டை எழுத்தறியாதவரும் அறிந்திருந்தனர்.

சயனைடு விஷயமும் இங்கே சொல்லத்தக்கது. அரைத்த பாறையிலிருந்து பொன்னைக் கரைத்தெடுக்கும் அக்கரைசலில் அமிலம் படலாகாது. சுண்ணாம்பு சேர்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அமிலம் பட்டால் உயிர்கொல்லும் வாயு எழும் என்பதே காரணம். பொன் எடுத்தபின் எஞ்சிய மண் கொட்டிக் கொட்டி மலையாயிற்று. ஊரார் அவற்றைச் சயனைடு மேடு என்றனர். பெயரைக் கேட்டு வெளியூரார் சயனைடுக்கு அஞ்சுகின்றனர். ஊராரை நாள்தோறும் வருத்துவதோ கோடைக் காற்றில் பறந்து வீட்டுக்குள் புகும் நுண்ணிய தூசி.

1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் வசமாயின. 1962-இல் மத்திய அரசின் வசம் சென்றன. பாறையின் இயல்பை ஆராயத் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் தங்கவயலிலேயே தோன்றிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைக்கும் பொறிகள் நின்றபின் குழிகளில் நீர் ஏறலாயிற்று. நீர் ஏற ஏற, ஆள் நடமாட்டமற்ற அவ்வாழங்களில் பாறை மீண்டும் அதிர்ந்தது. மேலே குடியிருந்த முதியவர்களுக்கு அந்த அதிர்வு இன்னதென்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.