சிஜிஐ முதல் ஜாங்கோ வரை: ஜெயிச்சது எது?

போன வாரம் அக்கா பையன் ஃபோன் பண்ணினான். "மாமா, வெப் அப்ளிகேஷன் எழுதணும், எதைப் படிக்கலாம்?" 2001-ல் நான் ஊர் பூரா கேட்டுத் திரிஞ்ச அதே கேள்வி! பதில் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

1993-ல் சிஜிஐ வந்தது. பக்கத்தை யாராவது கேட்டால் சர்வர் ஒரு புரோகிராமை (பெரும்பாலும் பெர்ல்) ஓட்டி, அது துப்புற ஹெச்டிஎம்எல்லை அனுப்பும். ஒவ்வொரு தடவையும் புது ப்ராசஸ். நூறு பேர் ஒரே நேரத்துல வந்தா நூறு ப்ராசஸ், சர்வருக்கு மூச்சு வாங்கும்.

1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்தப் பக்கத்துக்காக எழுதின கருவிகளை வெளியிட்டார். அதுதான் பிஎச்பி. 1996 கடைசியில் மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி, 1999-ல் சன் நிறுவனத்தின் ஜேஎஸ்பி. மூணுக்கும் யோசனை ஒண்ணுதான்: ஹெச்டிஎம்எல் நடுவுல நிரலைச் செருகு.

அப்புறம் வித்தியாசம் எங்கே? ஏஎஸ்பிக்கு விண்டோஸ் சர்வர் வேணும், அதுக்குக் காசு. ஜேஎஸ்பிக்கு டாம்கேட் மாதிரி ஒண்ணு தனியா ஓடணும், நினைவகத்தைத் தின்னும். பிஎச்பி அப்பாச்சிக்குள்ளேயே உட்கார்ந்துக்கும், இலவசம். ஒரே சர்வரில் பல பேரோட தளங்களை அடைச்சு மலிவா வாடகைக்கு விடலாம். ஃபைலை எஃப்டிபியில ஏத்தினா முடிஞ்சது வேலை.

மொழியா பார்த்தா பிஎச்பி அழகில்லை. தேடுற பொருளை ஒரு ஃபங்ஷன்ல முதல்ல கொடுக்கணும், இன்னொண்ணுல ரெண்டாவதா கொடுக்கணும்! இருந்தும் 2003-ல் வேர்ட்பிரஸ், 2004-ல் ஃபேஸ்புக் ரெண்டும் அதுலதான் பிறந்தன. ஜெயிச்சது இலக்கணம் இல்லை, வாடகை.

2004-ல் ரூபி ஆன் ரெயில்ஸ் வந்தது. 2005-ல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துல ஒரு நாளிதழ் அலுவலகத்திலிருந்து ஜாங்கோ. அதுக்கப்புறம் "எந்த மொழி?"ங்கற கேள்வி "எந்த ஃபிரேம்வொர்க்?"னு மாறிடுச்சு. ஆனா சீக்கிரம் கட்டினது சீக்கிரம் ஓடும்னு அர்த்தமில்லை. 2006-ல் ரெயில்ஸில் ஆரம்பிச்ச ட்விட்டர், கூட்டம் சேர்ந்ததும் திணறித் திணறி, பின்னாடி முக்கியமான பகுதிகளை ஸ்காலாவுக்கு மாத்திக்கிச்சு.

என் கதை? 2001-ல் ஒரு பயிற்சி நிலையத்துல அப்பா கொடுத்த காசுல ஏஎஸ்பி படிச்சேன். 2002-ல் ஏஎஸ்பி டாட்நெட் வந்து எழுதற முறையே மாறிப்போச்சு. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. நான் மனப்பாடம் பண்ணின விபிஸ்கிரிப்டையும் ஓய்வு பெற வைக்கப்போறதா 2023-ல் அறிவிச்சுட்டாங்க.

ஆனா அதே வகுப்புல படிச்ச எஸ்க்யூஎல், குக்கி எப்படி வேலை செய்யுது, கெட்டுக்கும் போஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம்... இன்னிக்கும் சோறு போடறது அதுங்கதான்.

அதைத்தான் பையன்கிட்டயும் சொன்னேன். "ஏதாவது ஒண்ணை எடுத்து, சின்னதா ஒண்ணு கட்டி, நாலு பேர் பயன்படுத்தற மாதிரி ஏத்து. அடியில என்ன நடக்குதுன்னு பாரு."

"அதெல்லாம் சரி மாமா, எது பெஸ்ட்?"ங்கறான் :-)