இலங்கையிற் குடிசன மதிப்பு

குடிகளின் தொகையறியாது ஆட்சி நடாத்துதல், வயலின் பரப்பறியாது வித்தளத்தலை ஒக்கும். இலங்கையில் ஆங்கிலேயர் 1824ஆம் ஆண்டளவிலேயே குடிகளைக் கணக்கிட முயன்றனராயினும், முறையான முதற் குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டிலேயே நடைபெற்றது. அப்பொழுது கண்ட தொகை ஏறக்குறைய 24 இலட்சம். அதன் பின்னர் பத்தாண்டுக்கொருமுறை இப்பணி தொடர்ந்தது.

1901ஆம் ஆண்டு மதிப்பை அத்தியட்சகராயிருந்து நடாத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். அவரது அறிக்கை எண்களின் அட்டவணையாக மட்டும் அமையாது, இந்நாட்டு மக்களின் இனம், சமயம், மொழி ஆகியவற்றையும் ஆராய்ந்தது. 1911ஆம் ஆண்டு மதிப்பில் இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் முதன்முறையாக வேறு வேறாகக் கணக்கிடப்பட்டனர். எண்ணுவோர் வகுக்கும் பிரிவும் சரித்திரத்தில் நிலைபெறும் என்பதற்கு இது சான்றாகும்.

இத்தொடர் இருமுறை அறுந்தது. பொருளாதார மந்தத்தால் 1931இல் முழுமையான மதிப்பு நடைபெறவில்லை. அடுத்த மதிப்பு, உலகப் போர் முடிந்தபின், 1946இலேயே எடுக்கப்பட்டது. இன்று இக்கடமையை ஆற்றுவது தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம். உள்நாட்டுப் போரினால் 1991இல் மதிப்பு நடைபெறவில்லை. 2001இல் 25 மாவட்டங்களுள் 18 மாத்திரமே முழுமையாக மதிப்பிடப்பெற்றன; எஞ்சிய ஏழும் வடக்குக் கிழக்கைச் சார்ந்தவை. 1981இன் பின் நாடு முழுவதும் எண்ணப்பட்டது 2012இலேயாம்.

இடைப்பட்ட 31 ஆண்டுகளில் அம்மாவட்டங்களிற் பிறந்தோரும் இறந்தோரும் ஊர்பெயர்ந்தோரும் பலர். பாடசாலையும் வைத்தியசாலையும் தொகைநோக்கியே வகுக்கப்படுமாதலின், எண்ணப்படாமை வெறும் ஏட்டுக்குறையன்று. காலங்கடந்து எடுக்கும் எந்த மதிப்பும் அவ்வாண்டுகளின் கணக்கை மீட்டுத் தரமாட்டாது.