வைத்தியச் செலவு யாருடையது?

இலவச வைத்தியம் என்பது அரசாங்கம் இரங்கி இடும் கொடை என்று எண்ணுவோர் நம்மிடையே படித்தவர்களிலும் உளர். ஜேர்மனியில் பிஸ்மார்க் கொடுத்தார், பிரித்தானியாவில் பெவன் கொடுத்தார் என்று பெருமக்கள் பெயரைச் சொல்லி அமைவது வழக்கமாகிவிட்டது. நாடுகள் சிலவற்றின் வரலாற்றை அடுத்தடுத்து வைத்து நோக்குமிடத்து வேறொரு காட்சி தென்படுகின்றது. அரசு தலையிடுவதற்கு நெடுங்காலம் முன்பே சுரங்கத் தொழிலாளரும் கோதுமை விவசாயிகளும் தமது சில்லறைக் காசைப் பொதுவில் இட்டு, தமக்கென வைத்தியரை அமர்த்தியிருந்தனர். அவ்வேற்பாட்டை நாடு முழுவதற்கும் விரித்ததே அரசுகள் செய்த பணியாகும். அதுவும் எதிர்ப்பின்றி நடந்தேறியதன்று.

சட்டத்தின் வாயிலாக இதனை முதலில் மேற்கொண்டது ஜேர்மனி. அங்கே சுரங்கத் தொழிலாளரும் கைவினைஞரும் தமக்குள்ளே நோய் நிதிகளை நடாத்திவந்தனர். 1883இல் பிஸ்மார்க் நிறைவேற்றிய நோய்க் காப்புறுதிச் சட்டம், குறித்த சில தொழில்களில் ஈடுபட்டோரை இத்தகைய நிதியங்களிற் கட்டாயமாகச் சேர்த்தது. சந்தாவில் மூன்றில் இரு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் செலுத்தினர். நோயுற்றவனுக்கு வைத்தியமும் மருந்தும் கிடைத்தன. கூலியிற் பாதியளவான உதவிப்பணம் 13 வாரங்கள் வரை கிடைத்தது. இதே பிஸ்மார்க்தான் 1878இற் சோஷலிஸ்டுகளுக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்து அவர்களுடைய சங்கங்களையும் பத்திரிகைகளையும் ஒடுக்கியவர். தொழிலாளியை அவர்களிடமிருந்து பிரித்து அரசின்பால் ஈர்ப்பதே அவர் நோக்கம். பாராளுமன்றத்திலிருந்த சமூக ஜனநாயகவாதிகள் நோய்க் காப்புறுதிச் சட்டத்தை எதிர்த்தே வாக்களித்தனர். ஆயின் நடந்தது பிஸ்மார்க் எண்ணியதன்று. பணத்தில் மூன்றில் இரு பங்கைச் செலுத்தியோருக்கு நிதியங்களின் ஆட்சிமன்றங்களிலும் மூன்றில் இரு பங்கு இடம் கிடைத்தது. காலப்போக்கில் அம்மன்றங்கள் பல சமூக ஜனநாயகவாதிகளின் கைக்கு வந்தன. பிஸ்மார்க் 1890இற் பதவியிழந்தார். தடைச்சட்டமும் அவ்வாண்டிலேயே காலாவதியாயிற்று. நோய் நிதியங்கள் இன்றுமுள.

ஜேர்மன் முறையை நேரிற் கண்டுவந்த லொயிட் ஜோர்ஜ் 1911இற் பிரித்தானியாவில் அதனைத் தழுவியதொரு சட்டத்தை இயற்றினார். வாரந்தோறும் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசு 2 பென்ஸ் செலுத்துதல் வேண்டும். அதன் குறை வெளிப்படையானது. காப்புறுதி தொழிலாளிக்கேயன்றி அவன் மனைவி மக்களுக்கு இல்லை. கணவன் காய்ச்சலிற் படுத்தால் வைத்தியர் வருவார். மனைவி படுத்தால் வீட்டிலுள்ள காசை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இக்குறையைத் தாமே தீர்த்துக்கொண்டவர்கள் தென் வேல்ஸைச் சேர்ந்த டிரெடீகர் என்னும் சிற்றூரின் தொழிலாளர். சுரங்கத்திலும் இரும்பாலையிலும் உழைத்தோர் தமது கூலியிலிருந்து சில பென்ஸ்களை வைத்திய உதவிச் சங்கமொன்றுக்குக் கொடுத்துவந்தனர். ஊரிற் பெரும்பாலாருக்கும், அவர்தம் குடும்பத்தினருக்கும், அச்சங்கமே வைத்தியரை வைத்திருந்தது. ஏ. ஜே. குரோனின் அங்கு வைத்தியராகப் பணிபுரிந்தவர்; 1937இல் வெளியான அவருடைய ‘சிட்டடல்’ நாவலை நம்மிற் பலர் படித்திருப்போம். அனூரின் பெவன் அவ்வூரிற் பிறந்தவர். 13 வயதிற் சுரங்கத்தினுள் இறங்கியவர். சங்கத்தின் வைத்தியசாலைக் குழுவிற் பணியாற்றியவர். 1945இற் சுகாதார அமைச்சரானபோது அவர் முன்னே இருந்த மாதிரி இதுவே. தேசிய சுகாதார சேவை 1948 யூலை 5ஆந் திகதி தொடங்கியது. அதன் செலவிற் பெரும்பகுதியைப் பொது வரி ஏற்றது. சந்தா செலுத்தினாயா என்று நோயாளியை எவரும் கேட்கவில்லை.

அதே ஆண்டு பெப்ரவரியில் பிரித்தானிய வைத்தியர் சங்கம் நடாத்திய வாக்கெடுப்பில், வாக்களித்தோருட் பத்தில் ஒன்பது பங்கினர் அளவில் இத்திட்டத்தை எதிர்த்தனர் என்பதை மறத்தலாகாது. நிபுணர்களுக்குத் தனிப்பட்ட தொழிலையும் பொது வைத்தியசாலையினுள்ளே கட்டணப் படுக்கைகளையும் அனுமதித்தே பெவன் அவர்களை இணங்கச் செய்தார். அவ்விலை அதிகமானது என்பதே நமது கருத்து. எனினும் கொடாதிருந்தாற் சேவையே பிறந்திராது என்பாரையும் நாம் எளிதிற் புறந்தள்ளல் இயலாது.

இதே போராட்டம் தன் முழு உருவத்திற் கனடாவிலே நிகழ்ந்தது. சஸ்கச்சுவான் மாகாணம் பரந்த கோதுமை வெளி. ஊருக்கும் ஊருக்கும் இடையே நெடுந்தூரம். விளைச்சல் பொய்த்த ஆண்டில் வைத்தியருக்குக் கொடுக்க எவரிடத்தும் பணமில்லை. வைத்தியரும் ஊரைவிட்டுப் போய்விடுவார். முதல் உலகப்போர் தொடங்கிய காலத்திற் சார்னியா என்னும் கிராமப் பகுதி, போகவிருந்த வைத்தியரை வரிப்பணத்திலிருந்து சம்பளம் கொடுத்து நிறுத்திக்கொண்டது. ஏனைய கிராமங்கள் அதனைப் பின்பற்றின. 1944இல் ரொமி டக்ளஸ் தலைமையிற் கூட்டுறவுப் பொதுநலக் கட்சி பதவிக்கு வந்தபோது, விவசாயிகளுக்கு இக்கொள்கையை விளக்கிக் கூறவேண்டிய தேவை இருக்கவில்லை. டக்ளஸ் சிறுவனாயிருந்தபோது எலும்பு நோயினாற் காலை இழக்கவிருந்தவர். மாணவருக்குப் பாடமாகக் காட்டலாம் என்ற நிபந்தனையின் பேரில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் இலவசமாகச் சிகிச்சை செய்தமையாற் கால் தப்பியது. பிள்ளையொன்றின் கால் இத்தகைய தற்செயலில் தங்கியிருத்தலாகாது என்பதைத் தம் வாழ்நாள் முழுதும் அவர் கூறிவந்தார்.

1947இல் அம்மாகாணம் வைத்தியசாலைச் செலவைப் பொதுவாக்கியது. ஆளொருவருக்கு ஆண்டுக்கு 5 டொலர். குடும்பமொன்றுக்கு 30 டொலருக்கு மேற்படாது. இதனை வைத்தியர்கள் பெரிதும் எதிர்க்கவில்லை. வைத்தியசாலையின் கணக்குத்தானே தீர்கின்றது! வைத்தியரின் கட்டணத்தையும் பொது நிதியே கொடுக்கும் என்ற சட்டம் வந்தபோதுதான் புயல் எழுந்தது. 1962 யூலை 1ஆந் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றே மாகாணத்து வைத்தியருட் பெரும்பாலோர் தமது நிலையங்களைப் பூட்டினர். சில வைத்தியசாலைகளில் அவசர சிகிச்சை மட்டும் நடந்தது. கைக்குழந்தையொன்று, பெற்றோர் வைத்தியரைத் தேடி அலைந்த வழியில் இறந்தது. செய்தித்தாள்களிற் பெரும்பாலானவை வைத்தியர் பக்கமே நின்றன. அரசாங்கம் பிரித்தானியா முதலிய இடங்களிலிருந்து வைத்தியரை வரவழைத்தது. பல ஊர்களில் மக்கள் கூட்டுறவாகத் தாமே சமூக மருத்துவ நிலையங்களைத் திறந்தனர். யூலை 11இல் றெஜைனா நகரில், சட்டசபையின் முன்னே, திட்டத்தை எதிர்ப்போர் கூட்டமொன்று கூட்டினர். பல்லாயிரவர் திரள்வர் என முழங்கினர். வந்தோர் சில ஆயிரவரே. 23 நாட்களில் வேலைநிறுத்தம் முடிந்தது.

அப்போது டக்ளஸ் மத்திய அரசியலுக்குச் சென்றுவிட்டார். பணியாது நின்ற முதல்வர் வூட்றோ லொயிட். அவர் ஆசிரியராகவிருந்து, ஆசிரியர் சம்மேளனத்துக்கும் தலைமை தாங்கியவர் என்பதை நமது வாசகர்க்குச் சொல்லாமற் செல்ல மனமில்லை. உடன்பாட்டில் வைத்தியர் அரச ஊழியராகவில்லை. செய்த சிகிச்சைக்கேற்பக் கட்டணம் பெறும் தனித் தொழிலாளராகவே இருந்தனர். ஆயின் அக்கட்டணத்தை நோயாளியின் பை கொடுக்கவில்லை, பொது நிதி கொடுத்தது. கனடாவின் முறை பிரித்தானிய முறையினின்றும் வேறுபடும் இடம் இதுவே. 1964ஆம் ஆண்டுத் தேர்தலில் லொயிட் தோற்றார். வென்ற லிபரல்கள் திட்டத்தை ஒழிக்கத் துணியவில்லை. 1966இல் மத்திய அரசு சட்டமியற்றியது. 1972க்குள் மாகாணங்கள் யாவும் இதனுட் சேர்ந்தன.

எல்லைக்குத் தெற்கே நடந்தது மறுதலை. ஜனாதிபதி ட்ரூமன் 1945இல் தேசிய சுகாதாரக் காப்புறுதியை முன்மொழிந்தபோது அமெரிக்க வைத்தியர் சங்கம் விளம்பர நிபுணர்களை அமர்த்தி, இது சோஷலிஸ வைத்தியம் என்று நாடெங்கும் அச்சமூட்டியது. 1961இல் அச்சங்கம் வெளியிட்ட இசைத்தட்டொன்றில் அபாயத்தை எடுத்துரைத்தவர் அந்நாளில் நடிகராயிருந்த றொனால்ட் றீகன். போர்க்காலத்திற் கூலியுயர்வு கட்டுப்படுத்தப்பட்டமையால், கம்பனிகள் கூலிக்குப் பதிலாகக் காப்புறுதியைக் கொடுத்து ஆட்களை ஈர்த்தன. வைத்தியம் தொழிலோடு பிணைந்தது. வேலை போனாற் காப்புறுதியும் போம். 1965இல் முதியோருக்கும் வறியோருக்கும், 2010இல் வேறு பலருக்கும் வழி பிறந்தது. எனினும் 2023இல் ஏறத்தாழ 2 கோடி 60 இலட்சம் பேர் அங்கே காப்புறுதி அற்றிருந்தனர். தேசிய வருமானத்தில் ஆறிலொரு பங்குக்கு மேல் வைத்தியத்திற் செலவிடும் நாடு அது. ஆயுளோ கனடாவினும் குறைவு.

பெற்ற உரிமை இழக்கப்படுதல் பெரும்பாலும் சிறு கட்டணத்தோடு தொடங்குகின்றது. அதனை விதிப்போர் எப்போதும் எதிரிகளாக இருப்பதுமில்லை. 1951இல், கொரியப் போரையொட்டி மூன்றாண்டில் 470 கோடி பவுணை ஆயுதங்களுக்கு ஒதுக்கிய தொழிற்கட்சி அரசாங்கம், ஏறத்தாழ 1 கோடி 30 இலட்சம் பவுணை மிச்சம்பிடிக்கவேண்டிப் பொய்ப்பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தது. பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார். மறு ஆண்டிற் கன்சர்வேட்டிவ் அரசாங்கம் மருந்துச்சீட்டுக்கு ஒரு ஷில்லிங் விதித்தது. 1965இல் அது நீங்கியது. 1968இற் தொழிற்கட்சியே அதனை மீண்டும் கொண்டுவந்தது. வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவை பின்னர் அதனை நீக்கிவிட்டன. இங்கிலாந்தில் அது இன்றுமுளது.

இவ்வகையில் நமது நாட்டுக் கதையும் நினைவுக்கு வருகின்றது. 1934-35ஆம் ஆண்டு மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். சூரியமல் இயக்கத்து இளைஞர் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் சுமந்து சென்றனர். பருப்பு வழங்கிய என். எம். பெரேராவை மக்கள் ‘பருப்பு மஹாத்தயா’ என்றே அழைத்தனர். 1931இல் யாவருக்கும் வாக்குரிமை கிடைத்திருந்தமையால் இம்மக்களின் குரலை ஆட்சியாளர் செவிமடுக்க வேண்டியதாயிற்று, வைத்தியசாலைகள் பெருகின, 1951இற் கட்டணமும் நீங்கியது. தோட்டங்களில் வைத்தியம் நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தமையால் அதன் பயன் மலையகத் தொழிலாளரை முழுமையாக அடையவில்லை. 1971இல் வெளிநோயாளருக்குச் சிறு கட்டணமொன்று விதிக்கப்பட்டது. அவ்வேளை நிதியமைச்சராயிருந்தவர் அதே என். எம். பெரேரா. 1977இல் அதனை நீக்கியது, பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட ஐக்கிய தேசியக் கட்சி. வைத்தியசாலை வாயிலில் இன்றும் எவரும் பணம் கேட்பதில்லை. ஆயின் நாட்டின் மொத்த வைத்தியச் செலவிற் பாதிக்கு அண்மையான பங்கை மக்கள் தம் கையிலிருந்தே கொடுக்கின்றனர். 2022இன் நெருக்கடியில் மருந்து அற்றுப்போன வேளை, உள்ளே இலவசமாக எழுதப்பட்ட துண்டுடன் நோயாளர் வெளியேயுள்ள மருந்துக்கடைகளின் முன்னே வரிசையில் நின்றனர்.