கடை மூடிய மாவட்டம்

மாம்பழத்துக்கும் எஃகு ஆலைக்கும் அப்பால் எங்கள் சேலத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்த மாவட்டம் இதுதான். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடை, சாராயக்கடை அத்தனையும் மூடப்பட்டன. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் அடக்கம். ராஜாஜி ஆட்சிக்கு வந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை. சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர், நகராட்சித் தலைவராக இருந்தவர், சொந்த ஊரிலிருந்தே தொடங்கினார்.

அதற்கு முன்பே நிலம் உழுது வைக்கப்பட்டிருந்தது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் கடை முன் நின்றார்கள். 1929இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை! துணையாசிரியர் கல்கி.

கடைகளை மூடியதோடு, எங்கள் மாவட்டத்து ஆண்களின் மாலைப்பொழுதை எதைக் கொண்டு நிரப்புவது என்றும் அரசு யோசித்தது. பஜனை, நாடகம், விளையாட்டு என்று ஊருக்கு ஊர் ஏற்பாடு நடந்தது. கள் இறக்கியவர்களைப் பதநீர், வெல்லம் பக்கம் திருப்பினார்கள். போன வருமானத்துக்கு ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தது. இன்று மளிகைக் கடை ரசீதில் வரியைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள், அதன் பூர்வீகம் கள்ளுக்கடையில் இருப்பதை அறிந்து கொள்ளலாம்.

இவ்வளவு யோசித்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. இருபது வருடம் தினமும் குடித்தவன் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், இரண்டாம் மூன்றாம் நாளில் வலிப்புகூட வரும், இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவான். அக்டோபர் 2ஆம் தேதியும் 3ஆம் தேதியும் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் யார்? கேள்வியே தேவையில்லை, வீட்டுப் பெண்தான். குடிப்பவன் ஒழுக்கம் கெட்டவன், கடையை மூடினால் திருந்துவான் என்பது அன்றைய கணக்கு. அவன் நோயாளி என்றோ, அவனோடு சேர்ந்து வீடே நோயில் விழுந்திருக்கிறது என்றோ அந்தக் கணக்கில் வரவில்லை.

1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்துவிட்டது. நான் வளர்ந்ததெல்லாம் அந்த மதுவிலக்குக் காலத்தில்தான். அப்பா சேலம் குகைப் பகுதியில் குழித்தறி நெசவாளர். வசதியுள்ளவர்களுக்கு டாக்டர் சான்றிதழோடு பர்மிட் கிடைத்தது. அப்பாவைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது மருந்துக்கடை ‘ஜிஞ்சர்’. இஞ்சிச் சாறு கலந்த ஆல்கஹால் டிங்சர். அஜீரணத்துக்கென்று விற்பார்கள், அஜீரணமே இல்லாதவர்கள் வாங்குவார்கள். அதுவும் கிடைக்காத நாளில் மரச்சாமானுக்குப் பூசும் வார்னிஷ். சனிக்கிழமை கூலி வாங்கிய இரவு இஞ்சி வாடையோடு வாசல் தாண்டுவார். “கடையெல்லாம் மூடிக் கெடக்குதுன்னு ஊரே சொல்லுது. உங்கப்பாவுக்கு மட்டும் எந்தக் கடை தெறந்திருக்கோ” என்பார் அம்மா. கூலிக் காசைக் கம்பு மாவுப் பானைக்குள் புதைத்து வைப்பார். அப்பாவுக்கு அந்தப் பானை தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும். யாரும் இதைப் பற்றி எங்கும் போய்ப் பேசவில்லை. பேச ஓர் இடமும் இல்லை.

அதற்குப் பிந்தைய கதை நம் எல்லாருக்கும் மனப்பாடம். 1971இல் கருணாநிதி ஆட்சி மதுவிலக்கைத் தள்ளிவைத்தது, 1974க்குள் திரும்பக் கொண்டுவந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. 2015இல் மதுவிலக்கு கேட்டு மார்த்தாண்டம் அருகே செல்போன் கோபுரத்தில் ஏறிய சசிபெருமாள் உயிரோடு இறங்கவில்லை. அவரும் சேலத்துக்காரர்தான். 2023-24இல் மது மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45 ஆயிரம் கோடிக்கு மேல். இந்தத் திறப்பையும் மூடலையும்தான் நாம் குடியின் வரலாறு என்று எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மேடையிலும் தாலி அறுந்த பெண் வருவாள், கைத்தட்டல் வாங்கித் தருவாள், மேடை பிரித்ததும் வீட்டுக்கு அனுப்பப்படுவாள். எனக்கு இதில் கட்சி பேதம் தெரியவில்லை.

இன்னொரு வரலாறு 1980இல் சென்னையில் தொடங்குகிறது. சாந்தி ரங்கநாதனின் கணவர் குடியால் முப்பதுகளிலேயே இறந்துபோனார். டி.டி. கிருஷ்ணமாச்சாரி குடும்பம், பணத்துக்கும் செல்வாக்குக்கும் குறைவில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கே சிகிச்சைக்குப் போக இங்கே இடமில்லை என்றால் குகை நெசவாளர் வீட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அவர் அமெரிக்காவில் பயிற்சி பெற்றுவந்து கணவர் பெயரால் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று ஊர் அறியும் இடம் அது. அங்கே நோயாளியோடு குடும்பமும் வந்து உட்கார வேண்டும். குடும்பத்துக்கென்று தனி வகுப்பு, தனி ஆலோசனை. 1989இல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் போட ஆரம்பித்தார்கள். பதினைந்து நாள், இலவசம், ஊருக்குள்ளேயே தங்கல். பட்டணத்துக்குப் பஸ் ஏற வழியில்லாதவர்களிடம் சிகிச்சையே பஸ் ஏறிப் போனது.

நான் சேலத்தில் ஒரு மறுவாழ்வு மையத்தில் குடும்ப ஆலோசகராகச் சேர்ந்தது அந்தக் காலகட்டத்தில்தான். ஓய்வு பெறும்வரை அதே வேலை. முதல் நாள் வரும் மனைவிமாரிடம் நான் சொல்லும் கதை ஒன்று உண்டு.

1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்தார்கள். இருவருமே மொடாக்குடியர்கள். ஒருவருக்கொருவர் பேசிப் பேசியே குடிக்காமல் இருக்கலாம் என்று கண்டுகொண்டார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது அப்படித்தான். அது 1957இல் இந்தியாவுக்கு வந்தது. இப்போது நம் ஊர்ப் பள்ளிக்கூட அறைகளிலும் சர்ச் கூடங்களிலும் டீ குடித்துக்கொண்டு “நான் ஒரு குடிநோயாளி” என்று ஆரம்பிக்கிறார்களே, அதன் மூலம் அங்கே. ஆனால் என் கதை பில்லைப் பற்றியதல்ல, அவர் மனைவி லோயிஸைப் பற்றியது. புருஷன் குடியை விட்டாயிற்று, தினமும் கூட்டம் கூட்டம் என்று போகிறார். ஒருநாள் “சீக்கிரம் கிளம்பு, நேரமாகிறது” என்கிறார். லோயிஸ் காலணியை எடுத்து அவர் மேல் வீசினார்.

இந்த இடத்தில் எங்கள் பெண்கள் சிரிக்காமல் இருந்ததே இல்லை. சில பேர் சிரித்துக்கொண்டே அழுவார்கள். குடியை நிறுத்திய பிறகும் ஏன் இவ்வளவு கோபம் என்று லோயிஸ் தன்னையே கேட்டுக்கொண்டார். மற்ற மனைவிமாரைச் சேர்த்துக்கொண்டார். 1951இல் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் அமைப்பு உருவானது. 1957இல் குடிப்பவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அலட்டீன்.

எங்களிடம் வரும் பெண்கள் பலர் பையில் ஒரு பொட்டலத்தோடு வருவார்கள். ‘குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்’ என்று சுவரொட்டியில் பார்த்து வாங்கிய பொடி. சாம்பாரில் கலந்தேன், மோரில் கலந்தேன் என்பார்கள். சில பொடிகள் வெறும் சாம்பல். டைசல்ஃபிரம் கலந்திருந்தால் ஆபத்து. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். டாக்டர் பார்த்து, நோயாளி சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து அது. பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டு, “அவர் இருக்கட்டும் கண்ணு, நீ ராத்திரி தூங்கினியா?” என்று கேட்பேன். அந்தக் கேள்வியை அதுவரை ஒருத்தரும் அவளிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது வருகிறவர்களின் முகம் மாறியிருக்கிறது. மனைவிமாரைவிட அம்மாக்கள் அதிகம். பள்ளிப் பையனின் புத்தகப்பையில் கூல் லிப் புகையிலைப் பொட்டலம், கல்லூரிப் பையனின் ஜியாமெட்ரி பாக்ஸில் வலி மாத்திரை அட்டையும் ஊசியும். அப்பா அடித்து உடைக்கிறார், அம்மா அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் மூடி மறைக்கிறாள். மாவுப் பானை வேலையைத்தான் இவளும் செய்கிறாள். அடித்தால் பையன் வீட்டில் பேசுவதை நிறுத்துவான், போடுவதை நிறுத்த மாட்டான். “எப்போ ஆரம்பிச்சே” என்று மிரட்டாமல், “என்ன கஷ்டம் உனக்கு” என்று கேட்ட வீடுகளில்தான் பையன்கள் எங்கள் படியேறி வந்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் மீண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். மறுபடி விழுந்தவர்கள் உண்டு, மறுபடி வந்தவர்களும் உண்டு.

கடையை மூட வேண்டுமா என்று என்னிடம் கேட்டால், மூடுங்கள் என்பேன். ஆனால் கடை எண்ணிக்கையைக் கேட்கும் அதே குரலில், உங்கள் தாலுகாவில் குடும்ப ஆலோசகர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டில் யாராவது இதில் சிக்கியிருந்தால், அவர் மனம் மாறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது. அவர் வராவிட்டாலும் நீங்கள் முதலில் பேசுங்கள்.