பாராலிம்பிக்

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், தண்டுவடம் அடிபட்ட போர்வீரர்களுக்கு விளையாட்டையே சிகிச்சையாகக் கொடுத்தவர் டாக்டர் லுட்விக் குட்மன். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அன்றே, சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை வில்வித்தைப் போட்டியில் இறக்கினார். பாராலிம்பிக்கின் வித்து அதுதான். ‘பாராப்ளீஜியா’ என்பது கால்கள் செயலிழந்த நிலை. அதையும் ஒலிம்பிக்கையும் ஒட்டவைத்துப் பிறந்த பெயர் இது. 1976இல் பார்வையற்றோரும் கை, கால் இழந்தோரும் களத்துக்கு வந்தபின் பழைய பொருள் போதவில்லை. இன்று ‘பாரா’வுக்குக் கிரேக்க மொழியின் ‘பக்கத்தில்’ என்பதே பொருள், ஒலிம்பிக்குக்கு இணையானது. நோயைக் கழற்றிவிட்ட பெயர்! சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டி ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் வென்றது பாராலிம்பிக்கில்தான். ‘ஊனமுற்றோர் ஒலிம்பிக்’ என்று இனி எழுதாதீர்கள்.