பசாங் கிகுலி: திரும்பவும் மேலே ஏறியவர்

ஷெர்பான்னாலே மூட்டை தூக்குறவங்கன்னுதான் பலரும் நினைக்கிறோம். இன்னைக்கு ஒரு ஷெர்பாவோட நாலு நாள் கதை.

வருஷம் 1939. இடம் கே2, உலகத்துலயே இரண்டாவது உயரமான மலை, 8,611 மீட்டர். ஃபிரிட்ஸ் வீஸ்னர் தலைமையில ஒரு அமெரிக்கக் குழு ஏறுது. ஷெர்பாக்களுக்குத் தலைவர், அதாவது சர்தார், பசாங் கிகுலி. 1934-ல நங்க பர்பத் பனிப்புயல்ல கூட வந்தவங்க பலர் செத்தப்போ, உயிரோட இறங்கி வந்தவர்.

ஜூலை கடைசி. டட்லி வுல்ஃப்ங்கிற அமெரிக்கர் 7-வது முகாம்ல, சுமார் 7,500 மீட்டர் உயரத்துல, தனியா மாட்டிக்கிட்டார்.

ஜூலை 28: கிகுலியும் செரிங்கும் அடிவார முகாம்ல கிளம்பி, அன்னைக்கே 6-வது முகாமுக்குப் போயிட்டாங்க. ஒரே நாள்ல 2,000 மீட்டருக்கு மேல ஏற்றம்!

ஜூலை 29: கிகுலி, கிட்டார், பின்சு மூணு பேரும் வுல்ஃபை எட்டிட்டாங்க. ரொம்பத் தளர்ந்துபோயிருந்த அவர், நாளைக்கு வாங்கன்னுட்டார். ராத்திரி அங்கே தங்க வழியில்லாம 6-வது முகாமுக்கு இறங்கினாங்க.

ஜூலை 30: புயல். அசைய முடியல.

ஜூலை 31: அதே மூணு பேர் மறுபடி ஏறினாங்க. யாரும் திரும்பல. கீழே காத்திருந்த செரிங்தான் தனியா இறங்கி வந்து சேதி சொன்னார்.

குறைஞ்ச ஆக்சிஜன்லயும் ஷெர்பாக்களோட உடம்பு நல்லா வேலை செய்யுதுன்னும், அதுக்கு மரபணுவும் காரணம்னும் இன்னைக்கு அறிவியல் சொல்லுது. அந்த 2,000 மீட்டருக்கு அது ஓரளவு விளக்கம். ஆனா, புயல் என்ன பண்ணும்னு நங்க பர்பத்துல கண்ணால பார்த்த மனுஷன், 31-ம் தேதி தெரிஞ்சேதான் ஏறினார்.